சைலஸ் மாமா பார்க்காத பறவை

என் அக்கா சாராவின் புருஷன் சைலஸ் மாமாவோடு வெளியே கிளம்புவதைப் போல எரிச்சலான காரியம் ஆண்டர்சன்பேட்டையில் வேறு கிடையாது. கல்யாண மண்டபமோ, கடையோ, சர்ச்சோ, உள்ளே நுழைந்ததும் அவர் ஆட்களைப் பார்க்க மாட்டார். அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். கைக்கு எட்டினால் விரல் முட்டியால் தட்டுவார், எட்டாவிட்டால் குடையின் நுனியால் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். 'டங்' என்று வந்தால் உட்காருவார். 'டொக்' என்று வந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போவார். போகிறவர் தனியாகப் போனாலும் பரவாயில்லை, நம் கையையும் பிடித்து இழுப்பார்.

ஊரில் அவருக்கு 'டொக்கு சைலஸ்' என்று பேர். அதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவருக்குக் கோபம் வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

நான் சாம்ராஜ். மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவன். போன வருஷம் ராபர்ட்சன்பேட்டையில் லீசுக்கு ஒரு வீடு அமைந்தது. காற்றோட்டமான வீடு, வாசலிலேயே தண்ணீர்க் குழாய். பெரியவர் ஒருத்தர் கூட இருக்கட்டுமே என்று மாமாவைக் கூட்டிப் போனேன், அதுதான் நான் செய்த பிசகு. வீட்டுக்காரர் காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இவர் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையைத் தட்டி, "இது டொக்குன்னு கீது சார், உள்ள விட்டுப் போச்சு" என்றார். வீட்டுக்காரர் காபி டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மற்றபடி வீடு போயிற்று. அந்தக் கூரை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதன் கீழே வேறொரு குடும்பம் சௌக்கியமாக இருக்கிறது. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆனால் பறவை விஷயத்துக்கு முன்னால் என் வீடெல்லாம் ஒரு நஷ்டமே இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லலாம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் இறங்குகிறவர்கள் வேலையைத் தொடுவதற்கு முன்னால் அவர்களில் ஒருவர் கடப்பாறையால் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டுவார். கெட்டிப் பாறை மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன பாறை காலிப் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். தட்டுகிறவர் "சரி" என்று சொல்லும்வரை மற்றவர்கள் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. பல்லாயிரம் அடி ஆழத்தில் எங்கள் ஆட்கள் நம்பியது அந்தச் சத்தத்தைத்தான்.

எங்கள் அப்பா போன அன்றைக்கு யாரும் தட்டவில்லை. ஷிப்ட் முடியும் நேரம், ஆட்களை மேலே ஏற்றுகிற கேஜ் வந்துவிடும் என்ற அவசரம், மறந்துபோன டிபன் பாக்ஸை எடுக்க உள்ளே போனவர் மேல் பாறை இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. அக்காவுக்கு விவரம் தெரிந்த வயசு. அவள் அதற்கப்புறம் கேஜ் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள்.

அதனால் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எங்கள் அம்மா லூயிசா சம்பளம் கேட்கவில்லை, சொந்த வீடு கேட்கவில்லை. சைலஸ் மாமாவோடு வேலை செய்தவர்களைத் தனித்தனியாகப் பிடித்து ஒரே கேள்விதான் கேட்டாள். "பையன் தட்டுவானா?" கேட்டவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு ஒரே பதில் சொன்னார்கள். "அவன் தட்டறதுல பாதி ஷிப்ட் போயிடுதுங்க." அம்மா அன்றைக்கே தாம்பூலத் தட்டு வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். கிறிஸ்தவர்களுக்கு எதற்கு அது என்று கேட்ட பாஸ்டரிடம், "பழம் வைக்க" என்றாள்.

அப்புறம் சுரங்கத்தை மூடினார்கள். மாமாவும் மற்றவர்களைப்போல ரயிலேறினார். பெங்களூரில் ஒரு குடோனுக்குக் காவல் இருந்தார். பழைய அதிகாரி ஒருவர் தகவல் சொல்லி, ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கிற பாப்புவா நியூ கினி என்ற நாட்டில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தார். அங்கே மலை உச்சியில் சுரங்கம், சுற்றிலும் காடு. ஊர்ப் பையன்களுக்குப் பாறைக்கு முட்டுக் கொடுக்கக் கற்றுத் தருகிற வேலை. தட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம், மாமாவுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் லீவில் வந்தபோது ஒரு துண்டு கொண்டுவந்தார். அதில் ஒரு பறவையின் படம். தலைகீழாகக் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நீல இறகுகளை விசிறி மாதிரி விரித்திருந்தது. வாலில் இரண்டு நீண்ட ரிப்பன். சொர்க்கப் பறவை என்று அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுகிற சாதிகளில் இது அபூர்வமாம், மேல்காட்டில் மட்டும்தான் இருக்குமாம். அக்கா துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நிஜமாலுமே இந்த மாதிரி கீதாங்க?"

"கீதாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"டூட்டில கீறவன் இன்னாத்தைப் பாக்கறது?"

அக்கா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். அவள் அப்படி நிறுத்தி நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. "தெனமும் போன் பண்றீங்க. இன்னா சொல்றீங்க? சாப்ட்டேன், டூட்டி, தூங்கப் போறேன். அந்த ஊர்ல மேகம் வூட்டுக்குள்ள வருதாமே, அத மத்தவங்க சொல்லித்தான் நான் கேக்கறேன். கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க எனக்கு வந்து சொன்னதெல்லாம் எந்தப் பாறை எப்படிக் கீதுன்றதுதான். ஒரே ஒரு நல்லதப் பாத்துட்டு வந்து உங்க வாயால எனக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாங்கியாற வேணாம்."

"யூடியூப்ல தட்டினா வந்துட்டுப் போவுதுக்கா" என்றேன் நான்.

"ஊரான் பாத்தது எனக்கு எதுக்குடா? இவரு பாக்கட்டும்" என்றாள். துண்டை ஆணியடித்துச் சுவரில் மாட்டினாள். நகரப் போன மாமா நின்று, ஆணி இறங்கிய சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனாலும் அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அங்கே சர்ச்சில் பழக்கமானவன் யோனா. அந்த ஊர்க்காரன், வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டில் பறவை காட்டிப் பிழைக்கிறவன். மாமா அவனைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை போனபோது மழை. அந்த மலையில் மழை வந்து போவதில்லை, குடித்தனம் நடத்துகிறது. பாதி வழியில் ஆறு மறித்துத் திரும்பினார்கள். அடுத்த தடவை இரண்டு கிராமங்களுக்குள் சண்டை, ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை மேலே வரைக்கும் போய்ச் சேர்ந்து காத்துக் கிடந்ததில், வந்தது பெட்டை. அதற்கு ரிப்பன் வாலும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. "பெட்டையப் பாத்தா சேத்தி இல்லையா சாரா?" என்று போனில் கேட்டிருக்கிறார். "துண்டுல கீற மாதிரி பாருங்க" என்றுவிட்டாள் அக்கா. அப்புறம் காய்ச்சல். அப்புறம் வேறு ஆள் லீவு, இவருக்கு இரட்டை ஷிப்ட். "இந்த வாட்டியும் ஆவல சாரா" என்று போன் வரும்போதெல்லாம் அக்கா துண்டைக் கழற்றி பீரோவில் வைப்பாள். சில நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் ஆணியில் தொங்கும். இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியில் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் யோனா வந்து, ஒரு ஆண் பறவை தினமும் காலையில் ஆடுகிற கிளையைக் கண்டுபிடித்து வைத்திருப்பதாகச் சொன்னான். மாமா வாழ்நாளில் முதல்முறையாக ஆராதனைக்குப் போகாமல் காட்டுக்குப் போனார்.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு ஒரு நாள் மாரிகுப்பம் ரயிலில் பங்காருபேட்டை வருவதற்குள் நான் அவர் வாயிலிருந்து பிடுங்கினேன். அப்போதும் அவர் கண் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியின் திருகாணியில்தான் இருந்தது.

கூட வந்தவர்கள் சுரங்கத்து டாக்டரும் அவர் மனைவியும். அவர்களுக்கும் இதே பறவைப் பைத்தியம், மாமாவைப்போலவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள். முழங்கால் சேற்றில் ஏறிப் போனார்கள். கிளைக்கு எதிர்ச் சரிவில் ஒரு பாறை தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. யோனா அதன் முன்னால் தழைகளைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியிருந்தான். டார்ச்சை அணைக்கச் சொன்னான், பேசக் கூடாது, இருமக் கூடாது என்றான். விடியாத இருட்டில் எல்லாரும் மண்டி போட்டு உள்ளே போனார்கள். மேலே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் மாமா ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சத்தம் ஆரம்பித்தது.

"எப்படிச் சத்தம் மாமா?"

"டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்னா 'ம்ம்ம்'னு வருமே, அந்த மாதிரி. காத்தே அதுருது."

பறவை கிளைக்கு வந்துவிட்டது. டாக்டரின் மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். யோனா கண்ணாலேயே 'அங்கே' என்று காட்டினான். மாமா ஓரத்தில் இருந்ததால் ஒரு மரத்தின் அடிப்பாகம் மறைத்தது. ஒரு சாண் முன்னால் சாய்ந்தால் போதும். சாயத் தொடங்கினார். அப்போது பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

பிடரியில் சொட்டு விழுந்தால் மனுஷன் துடைத்துக்கொள்வான். மாமா அண்ணாந்து பார்த்தார். நாலு பேர் தலைக்கும் மேலாக ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது, அதில் தண்ணீர் கசிந்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். எங்கள் மாமாவுக்குக் கல்லைக் கண்டால் உலகத்தில் வேறு எதுவுமே காணோம்.

"ஒரு நிமிசம் சாஞ்சு பாத்துட்டு அப்பால தட்டியிருக்கலாமே மாமா!"

அவர் என்னை ஏதோ பால்குடி மறக்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தட்டிட்டுத்தாண்டா மத்ததெல்லாம் பாப்பாங்க."

அவரும் முயற்சி செய்யாமல் இல்லை. சேற்றில் ஏறக் கொண்டுவந்த ஊன்றுகோலைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாராம். 'கர்த்தாவே, இந்தக் கை நீளாமப் பாத்துக்கோ' என்று ஜெபம் பண்ணினாராம். இந்தப் பக்கம் பறவை ம்ம்ம் என்கிறது, துண்டு கண்முன்னால் தொங்குகிறது, அக்கா கேட்ட ஒரே ஒரு காரியம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கை போய்விட்டது. கோல் பாறையைத் தட்டியது.

டொக்.

"ஓடுங்க! வெளிய ஓடுங்க! எல்லாம் எந்திரிங்க!" என்று தமிழில் கத்தியிருக்கிறார். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாரும் ஓடினார்கள். டாக்டரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டதில் அவருடைய கண்ணாடி சரிவில் உருண்டது. அந்த அமளியில் நீலமாக ஏதோ ஒன்று தாண்டிப் போனதை மாமா பார்த்திருக்கிறார். அது பறவையாக இருக்கலாம். டாக்டரின் மனைவி போட்டிருந்த மழைக்கோட்டும் நீலம்தான், அதனால் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எல்லாரும் தூறலில் நின்றுகொண்டு பாறையையே பார்த்தார்கள். பாறை விழவில்லை. கொஞ்சம் மண்ணாவது உதிர்ந்திருக்கலாம், ஒரு மரியாதைக்காவது. அதுவும் இல்லை. டாக்டரின் மனைவி உட்கார்ந்து அழுதுவிட்டாள். யோனா போய்ப் பாறையைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு, "எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே இது இப்படித்தான் நிக்குது" என்று மட்டும் சொன்னான். பயந்துபோன பறவை அந்தக் கிளைக்குச் சீக்கிரம் திரும்பாது என்றான். மாமா ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டார். இறங்கி வருகிற வழி முழுக்க அவரைப் பின்னால் விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னால் நடந்தார்கள்.

அவர் ஊருக்கு வந்து இறங்கின நாளில் அக்கா துண்டைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள். கடைசி வாரம் போயிருக்கிறார், பார்த்திருப்பார் என்று சர்ச்சுப் பெண்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மாமா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பாத்தீங்களா?"

"இல்ல சாரா."

"மழையா?"

"மழை இல்ல. வந்துச்சு. நான்தான் பாக்கல." பொய் சொல்லியிருக்கலாம். துண்டைப் பார்த்தே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், அக்கா நம்பியிருப்பாள். அந்தச் சாமர்த்தியம் எங்கள் மாமாவுக்கு ஏது? சொட்டுத் தண்ணீரிலிருந்து டொக் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்களைப் போட்டு வைக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நான் பின்னாலேயே போய், "நாலு வார்த்தை நல்லா திட்டிடுக்கா, மனசு ஆறும்" என்றேன்.

"எப்படிடா திட்டறது?" என்று என் மேல் பாய்ந்தாள். "அன்னிக்கு நம்ம அப்பா கூட இந்த மாதிரி ஒரு மனுசன் இருந்திருந்தா? எதுக்காக இவரக் கட்டிக்கினேனோ அதையே செஞ்சிட்டு வந்து நிக்கறாரு. திட்டவும் முடியல, சும்மா கீறதுக்கும் முடியல. அதாண்டா எனக்கு எரிச்சல்." கரண்டியைத் தொட்டியில் போட்டாள். அன்றைக்குப் பிரியாணியில் உப்பு இல்லை, யாரும் கேட்கவில்லை.

துண்டு கரித்துணியாயிற்று. பறவையைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

யோனா மட்டும் மறக்கவில்லை. கோபம் தீர்ந்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமாவுக்கு ஒரு போட்டோ அனுப்புவான். அந்தப் பாறையின் கீழே வெள்ளைக்காரர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். 'இன்னும் நிக்குது பிரதர்' என்று கீழே எழுதியிருப்பான். மாமா படத்தைப் பெரிதாக்கி விரிசலைப் பார்ப்பார். 'அங்க ஆள உக்கார வைக்காத' என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் போடுவார். அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்புவான். அவமானம் என்று மாமா இதையெல்லாம் அக்காவுக்குக் காட்டியதே இல்லை.

போன கிறிஸ்துமஸன்று மத்தியானம் நான் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் போனில் சார்ஜ் இல்லை. யாருக்கோ வாழ்த்துச் சொல்ல மாமாவின் போனை வாங்கினாள். அந்த நேரம் பார்த்து யோனாவின் படம் வந்து விழுந்தது. யார் இது, எந்த இடம் என்று கேட்டாள். மாமா முனகினார். அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பழைய வருஷத்துப் படங்களையும் பார்த்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது. அது பாறைக்கு உள்ளேயிருந்து எடுத்த படம். மேல்பாதி முழுக்கப் பாறை. கீழே நாலைந்து தலைகளின் பின்பக்கம். தலைகளுக்கு நடுவில், தழை மறைப்பின் இடைவெளியில் வெளிச்சம்.

"இது இன்னாங்க?"

"எது?"

"இதோ. நீலமாத் தொங்குதே."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அது பறவையேதான். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விசிறி மாதிரி விரித்துக்கொண்டிருந்தது. படம் வந்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகியிருந்தது. மூன்று வருஷமாக இந்த மனுஷன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கூரை தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். அவர் இரண்டு விரலைத் திரையில் வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார். பறவை கீழே நழுவித் திரையை விட்டே போயிற்று. விரிசல் வந்து நின்றது.

"பாத்தியா சாரா, அப்ப இது நூல் மாதிரிதான் இருந்துகீது. இப்ப வந்தத எடு, காட்டறேன்."

"மாமா!" என்று கத்திவிட்டேன். "பறவை மாமா! பறவையப் பாருங்க!"

"அது அங்கியேதான் கீது, எங்க போவப் போவுது?" என்றார். "தலைக்கு மேல இன்னா கீதுன்னு இவங்களுக்குத் தெரியலயேடா."

அக்கா போனைப் பிடுங்கினாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கு வாங்கப் போகிறார் என்று நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் பறவையைத் திரும்பத் திரைக்கு நடுவில் கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தலை கறுப்பா கீதுங்க" என்றாள் மாமாவிடம், மெதுவாக. "கண்ணுக்கு மேலயும் கீழயும் வெள்ளையாக் கோடு. நீலம் நம்ம துண்டுல இருந்தத விட நல்லா கீது. வால்ல ரெண்டு ரிப்பன் வளைஞ்சு கீது."

"ம்" என்றார் மாமா. "ம்."

பிறகு அவளே விரலை வைத்துப் படத்தை மேலே நகர்த்தினாள். விரிசலை அதே அளவு நேரம் பார்த்தாள். அன்றைக்கு வந்த புதுப் படத்தை எடுத்து அதன் விரிசலையும் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆத்திரத்தில் எனக்குக் கண்ணும் கலங்கியிருந்தது.

"பேசி அனுப்பறது எத அமுக்கணும்?" என்று கேட்டாள். மாமா காட்டினார். போனை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"தம்பி யோனா, சைலஸ் வூட்டுக்காரம்மா பேசறேன். பறவை ரொம்ப நல்லா கீதுப்பா. ஆனா அந்தப் பாறைக்கு அடியில ஆள உக்கார வைக்காத. எங்க அப்பா அப்படித்தான் போனாரு."

"அவனுக்குத் தமிழ் தெரியாதே சாரா" என்றார் மாமா.

"அன்னிக்கு நீங்க கத்தினது மட்டும் புரிஞ்சுதா இல்லியா?" என்று சொல்லிவிட்டு அக்கா அனுப்புகிற பொத்தானை அமுக்கினாள்.